நிர்மலாவின் நானூற்றுப் பன்னிரண்டு தட்டுகள்

எங்க தாமான்ல, அதாவது எங்க குடியிருப்புல, பசுமை நாள் எப்படி ஆரம்பிச்சுச்சுன்னு யாரக் கேட்டாலும் தலைவர் தங்கராஜு பேரத்தான் சொல்வாங்க. போட்டோவுல நடுவுல நிக்கறவரு அவருதான். ஆனா அந்த நாளுக்குன்னு ஒரு மரியாதை வந்துச்சுன்னா அது நிர்மலாதேவியால. இத நான் சொல்லாம வேற யாரு சொல்றது. நான் கோமளா. குருபோங்ல சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கேன். கல்யாணம், காரியம், பொறந்த நாள், எல்லாத்துக்கும் ஆர்டர் எடுக்கறேன். அவ வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு செவுருதான். அவளுக்கு வந்த கஷ்டத்துல பாதி என் வாயால வந்தது. அதையும் நானே சொல்லிடறேன், இல்லன்னா வேற யாராவது கண்ணு காது மூக்கு வெச்சுச் சொல்லிடுவாங்க.

நிர்மலாவுக்கு நாப்பத்தேழு வயசு. புக்கிட் ரம்பாய்ல ஒரு எலக்ட்ரானிக் பேக்டரியில பத்தொம்பது வருஷமா வேல. பூதக்கண்ணாடிக்கு அடியில சின்னச் சின்ன சாமான வெச்சு, நல்லது எது கெட்டது எதுன்னு பாத்துப் பிரிக்கணும். பன்னெண்டு மணி நேரம் அப்படிப் பாத்துட்டு வர்ற கண்ணு வீட்டுக்கு வந்தா மட்டும் சும்மா இருக்குமா? என் கடையில தோசை வாங்குனா திருப்பி அடிப்பக்கம் பாத்துட்டுத்தான் சாப்பிடுவா. அவ வீட்டுக்காரரு சாமிநாதன் லோரி ஓட்டறவரு. அதிகம் பேச மாட்டாரு. அந்த வீட்டுல பேச எடமும் இல்ல.

மொத பசுமை நாள் நாலு வருஷத்துக்கு முன்னால நடந்துச்சு. பிள்ளைங்களுக்குப் படம் வரையற போட்டி, இருவது மரக்கன்னு நட்டது, தலைவர் பேச்சு, எல்லாம் ஜோராத்தான் இருந்துச்சு. மத்தியானச் சாப்பாடு என்னோடது. அறுநூறு வெள்ளப் பெட்டி, அதான் அந்த போலிஸ்டைரின் பெட்டி, ஆளுக்கு ஒண்ணு, கூட ஒரு பிளாஸ்டிக் கரண்டி. 'பூமியைக் காப்போம்'னு எழுதுன துணிக்குக் கீழயே தின்னுட்டுப் போட்ட பெட்டிங்க மலையா கெடந்துச்சு. அப்ப எனக்கு அதுல ஒண்ணும் தப்பாத் தெரியல. சாயங்காலம் மழை புடிச்சு, காத்தடிச்சு, பெட்டிங்க பூராவும் லோங்கானுக்குள்ள, அதான் தெருவோரச் சாக்கடைக்குள்ள, போயி அடைச்சுக்கிச்சு. எங்க வரிசைதான் பள்ளம். அதுலயும் நிர்மலா வீடு கடைசி. அவ வீட்டு ஹால்ல முழங்கால் தண்ணி.

மறுநாள் காலையில நான் கேட்டத் தொறக்கறேன், வாசல்ல எண்பத்து மூணு வெள்ளப் பெட்டி அடுக்கி வெச்சிருக்கு. நிர்மலா பக்கத்துல நின்னுக்கிட்டு, "இது உங்களோடது கோமளாக்கா. என் வீட்டுக்குள்ள மெதந்துச்சு. கழுவித்தான் வெச்சிருக்கேன்"ங்கறா.

எனக்கு வந்துச்சே கோவம். "பின்ன சோத்த ஜனங்க கையிலயா போடறது, சொல்லு"ன்னு சத்தம் போட்டேன். ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்ல. மூணாவது நாள் ஒரு எவர்சில்வர் தட்டத் தூக்கிக்கிட்டு வந்தா. அடிப்பக்கம் திருப்பிக் காட்டுனா. புள்ளி புள்ளியா வெட்டுன எழுத்துல 'வீராசாமி வேலாயி'ன்னு இருந்துச்சு.

இந்தப் பேரு வெட்டற பழக்கம் எங்க ஜனங்க தோட்ட வேல செஞ்ச எஸ்டேட்லேர்ந்து வந்தது. அங்க ஒரு வீட்டுல விசேஷம்னா எல்லா வீட்டுத் தட்டும் அந்த வீட்டுக்குப் போகும். மாறிடக் கூடாதுன்னு ஒவ்வொருத்தரும் பேர வெட்டி வெச்சிருப்பாங்க. மொதலாளிங்க எஸ்டேட்ட வித்து, நாங்க இங்க வந்து, எல்லாரும் பெட்டிக்கு மாறுனதும் தட்டுங்க கட்டிலுக்கு அடியில போயிருச்சு. தூக்கிப் போட மனசு வராது, எடுத்துப் பொழங்கவும் தோணாது. ஒரு வீடு தவறாம அப்படித்தான் கெடந்துச்சு.

நிர்மலா லீவு நாளெல்லாம் வீடு வீடா ஏறி எறங்குனா. "சும்மா கெடக்கறதுதானே, குடுங்க. விசேஷத்துக்கு எல்லாருக்கும் ஆகும். உங்க பேரு அதுலயேதான் இருக்கும்"னு கேட்டா. மொதல்ல குடுத்தது பின் வரிசையில இருக்கற வேலாயிக்கா. அவங்க கல்யாணத்துத் தட்டு இருவத்திரெண்டு. அக்காவோட வீட்டுக்காரரு வீராசாமி அண்ணன் தானே சைக்கிள்ல கட்டிக் கொண்டாந்து எறக்குனாரு. மூணு மாசத்துல நானூத்துப் பன்னெண்டு தட்டு சேந்துருச்சு. தாமான் மண்டபத்துப் பின்னறையில சாமிநாதன் பழைய இரும்ப வெச்சு ஒரு அடுக்கு செஞ்சு குடுத்தாரு.

அப்புறம் அவ பேக்டரி புத்தியக் காட்டுனா. மண்டபத்துக்குப் பின்னால வரிசையா மூணு தொட்டி. மொதத் தொட்டியில எச்சில் போகணும், ரெண்டாவதுல சோப்பு, மூணாவதுல நல்ல தண்ணி. சாப்பிட்டவங்க அவங்கவங்க தட்டோட இன்னொருத்தர் தட்டையும் சேத்துக் கழுவணும். எச்சில் தண்ணியெல்லாம் வாழை மரத்துக்கு. யாரு வேணும்னாலும் தட்ட எடுத்துக்கிட்டுப் போலாம், காய வெச்சுத் திருப்பிக் குடுத்தாப் போதும். எந்த வீட்டுக்கு எத்தனை போச்சுன்னு ஒரு புஸ்தகத்துல எழுதுவா. காதுகுத்துக்குப் போச்சு, குடிபூரலுக்குப் போச்சு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் போச்சு. மொத வருஷம் பதினோரு மூட்டை குப்பை வந்த பசுமை நாள்ல ரெண்டாவது வருஷம் ஒரே மூட்டை. நான் மூஞ்சத் தூக்கிக்கிட்டுத்தான் ஒத்துக்கிட்டேன், ஆனா ஒத்துக்கிட்டேன்.

தலைவர் ஒரே ஒரு பேச்சு வெச்சாரு. "நல்ல காரியத்துக்கு மட்டும் குடும்மா." எல்லாரும் தலையாட்டுனோம். நிர்மலாவும்தான் ஆட்டுனா. சாவு வீட்டுக்குப் பொழங்குனது நல்ல காரியத்துக்கு வரக் கூடாது, இதுல பேச என்ன இருக்கு? துக்க வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் நான் பழையபடி வெள்ளப் பெட்டி கொண்டு போனேன்.

இந்த வருஷம் மே மாசம் வீராசாமி அண்ணன் தவறிட்டாரு. பதினாறாம் நாள் காரியத்துக்கு என்கிட்டதான் சாப்பாடு சொன்னாங்க. வேலாயிக்கா நிர்மலாவக் கூப்பிட்டு விட்டு, "எல்லாம் வேணாம்மா. நான் குடுத்த இருவத்திரெண்ட மட்டும் குடு. அவரு பேரு போட்ட தட்டு"ன்னு கேட்டுச்சு. கேக்கறதுக்கே கூசிக்கிட்டுக் கேட்டுச்சாம்.

நிர்மலா அன்னிக்கு என் அடுப்படியில வந்து உக்காந்தா. "அக்கா, அவங்க தட்டு, அவங்க வீடு, அவங்க துக்கம். இல்லன்னு நான் எந்த வாயால சொல்றது? சந்தோஷத்துல சாப்பிட்ட தட்டு, துக்கத்துல மட்டும் தீட்டாயிடுமா?" நான் அடுப்பத் தணிச்சுட்டு அவளுக்கு ஒரு டீ போட்டுக் குடுத்தேன். இருவத்திரெண்டு இல்ல, நூத்தம்பது தட்ட லோரியில ஏத்தி அனுப்பிட்டா. புஸ்தகத்துல 'வீராசாமி அண்ணன் காரியம், 150'னு தெளிவா எழுதி வெச்சா. ஒளிக்கல, மறைக்கல. திரும்பி வந்ததும் கொதிக்கற தண்ணியில முக்கி எடுத்து, வெய்யில்ல காய வெச்சு, அடுக்குல ஏத்திட்டா. பத்து நாள் கழிச்சு முன் வரிசை வாணி மக தேவிஸ்ரீக்கு நிச்சயதார்த்தம். அந்த வீட்டுக்கும் தட்டு போச்சு.

இப்ப என் வாய் விஷயத்துக்கு வர்றேன். ஜூன் மொத வாரம், பாசார்ல கீரை பாத்துக்கிட்டு இருக்கேன். வாணி வந்தா. அண்ணன் காரியத்துக்கு நெறைய கூட்டமான்னு கேட்டா. நான் பெருமையா, சத்தியமா பெருமையாத்தான், "நூத்தம்பது பேரு. ஒரு வெள்ளப் பெட்டி இல்ல. பூராவும் நம்ம தட்டுதான்லா"ன்னுட்டேன்.

வாணி மூஞ்சி செத்துப் போச்சு. "அப்ப என் மக நிச்சயத்துக்கு வந்தது?"ன்னா. கீரையப் போட்டுட்டுப் போயிட்டா. சாயங்காலத்துக்குள்ள தாமான் வாட்சப் குரூப் பூராவும் இதே பேச்சு. நிர்மலாவ நம்பித் தட்டுக் குடுத்தோமே, கேக்காம இப்படிப் பண்ணிட்டாளே, யாரு வீட்டுக்கு என்ன வரப் போவுதோ. நேத்து வரைக்கும் அவகிட்ட தட்டு வாங்கிப் பொழங்குன அதே ஆளுங்க.

பசுமை நாளுக்கு மூணு நாள்தான் இருந்துச்சு. அதுலயும் இந்த வருஷம் பசுமைத் தாமான் போட்டியில எங்க தாமான் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்துச்சு. இந்தத் தட்டுங்களாலதான் வந்துச்சு. பாக்கறதுக்கு ரெண்டு அதிகாரிங்க வர்றதா இருந்துச்சு. தலைவர் கூட்டம் போட்டாரு. "தங்கச்சி, ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. அந்த நூத்தம்பதையும் பிரிச்சுத் தனியா வெச்சுட்டேன், இது வேற தட்டுன்னு சொல்லிடு. அதோட முடிஞ்சுரும்."

"பிரிக்கலியே அண்ணே."

"பிரிச்சேன்னு சொல்லும்மா. யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்ல"ன்னா.

தலைவருக்கு மூக்கு மேல கோவம். "அப்படின்னா இந்த ஒரு தடவ பெட்டி வாங்கி வெப்போம். ரெண்டும் இருக்கட்டும். ஜனங்க எத வேணும்னாலும் எடுக்கட்டும்"னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டாரு. எல்லாரும் தலையாட்டுனாங்க. தலையாட்டறதுல நாங்க கெட்டிக்காரங்க.

அன்னிக்கு செவுத்துக்கு அந்தப் பக்கம் அவ அழறது கேட்டுச்சு. இத்தனை வருஷத்துல அவ அழுது நான் பாத்ததில்ல. போயி கதவத் தட்டி, "நான்தான் வாணிகிட்ட வாய விட்டுட்டேன்"னு சொன்னேன். "தெரியும்க்கா. நீங்க பொய் ஒண்ணும் சொல்லலியே"ன்னா. கண்ணத் தொடச்சுக்கிட்டு, "ஞாயித்துக்கெழமை ஜனங்க தட்ட எடுக்கலன்னா, திங்கக்கெழமை வீடு வீடாத் திருப்பிக் குடுத்துருவேன். மறுபடியும் கட்டிலுக்கு அடியில கெடக்கட்டும். வேலாயிக்கா மொகத்த மட்டும் எப்படிப் பாக்கறதுன்னு தெரியல"ன்னா. அந்தப் பொம்பள தன் புருஷன் பேரால இப்படி ஒரு சண்டை வந்துருச்சேன்னு வீட்டுக் கதவையே தொறக்காம கெடந்துச்சு. என் செருப்பால என் வாயில போட்டுக்கலாம் போல இருந்துச்சு எனக்கு.

ஞாயித்துக்கெழமை நல்ல வெய்யில். செடிக் கன்னு மாத்திக்கற எடத்துல கூட்டம். தீஞ்ச எண்ணெயில சோப்புக் காச்சற எடத்துல அதவிடக் கூட்டம். பிள்ளைங்க பழைய சைக்கிள ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருந்துச்சுங்க. அதிகாரிங்க ரெண்டு பேரும் சுத்திப் பாத்தாங்க. பன்னெண்டரைக்குச் சாப்பாடு தொறந்தேன். சோறு, சாம்பார், கோஸ் பொரட்டல், வாழைக்காய் வறுவல், பாயசம். மேசைக்கு இந்தப் பக்கம் நானூத்துப் பன்னெண்டு தட்டு பளபளன்னு. அந்தப் பக்கம் தலைவர் வாங்குன வெள்ளப் பெட்டி.

வரிசை நகந்துச்சு. மொத ஆளு பெட்டிய எடுத்தாரு. ரெண்டாவது ஆளும் பெட்டி. அப்புறம் வரிசையா பெட்டி, பெட்டி, பெட்டி. யாரும் நிர்மலா மொகத்தப் பாக்கல. அவ தட்டுங்களுக்குப் பின்னால நின்னா.

முப்பது பேரு போயிருப்பாங்க. நிர்மலா மேல இருந்த தட்ட எடுத்து, வழக்கம் போல திருப்பி அடிப்பக்கம் பாத்தா. பேக்டரியில மிஷின் சத்தத்துக்கு மேல கத்திப் பழகுன தொண்டை அவளுக்கு. "காளியம்மா. எந்த வீட்டுத் தட்டு?"ன்னு கேட்டா.

வரிசையில பெட்டியோட நின்ன தனபாலன், மோட்டார் பட்டறை வெச்சிருக்கறவன், மெதுவா, "எங்கம்மாது"ன்னான்.

"அம்மா போயி ஆறு வருஷமாச்சு. இந்தத் தட்ட நான் என்ன பண்ணட்டும், அண்ணே?"

அவ அடுத்த தட்டத் திருப்புனா. "முத்தாயி. இவங்களும் போயிட்டாங்க." இன்னொண்ணு. "இது எங்க மாமனாரு. பாதித் தட்டுல இருக்கற ஆளுங்க இப்ப இல்ல. அவங்க பேரு மேலதான் நாலு வருஷமா சாப்பிடறோம். வீராசாமி அண்ணன் பேரு மட்டும் ஆகாதா?" அவ பேசுனது அவ்வளவுதான்.

தனபாலன் பெட்டிய வெச்சுட்டு வந்தான். அவ கையிலேர்ந்து அம்மா தட்ட வாங்கி, பேரு இருக்கற எடத்த வெரலால தடவிப் பாத்தான். என் முன்னால நீட்டுனான். சோறு போட்டேன். அதுக்கப்புறம் வரிசை கலைஞ்சு போச்சு. எல்லாரும் மேசைய மொய்ச்சுக்கிட்டுத் தட்டத் திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க. "எங்க பெரியப்பாடா இது." "எங்க அத்தை பேரு எங்க, பாருங்களேன்." என் சாம்பார் ஆறிப் போச்சு, ஆறட்டும்னு விட்டுட்டேன். வாணி ஓரமா கையக் கட்டிக்கிட்டு நின்னா. தேவிஸ்ரீதான் தேடி அவங்க பாட்டி தட்டக் கண்டுபுடிச்சு, அம்மா கையில குடுத்துட்டுப் போயி வரிசையில நின்னுச்சு. வாணி தட்டத் திருப்பிப் பேரப் பாத்துட்டு, பின்னாலயே போயி நின்னா.

எல்லாரும் மாறிட்டாங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். மொத முப்பது பேருல பாதிப் பேரு பெட்டியிலயே சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. தலைவரும் பெட்டியிலதான் சாப்பிட்டாரு. அவருக்குக் கவுரவம். இருந்தாலும் அதிகாரிங்க கடைசியில குப்பைய நிறுத்துப் பாத்தப்ப நாலு கிலோ கூட வரல. பரிசு ரெண்டாவதுதான் கெடச்சுச்சு. மொதலாவது எந்தத் தாமான்னு எனக்கு ஞாபகம் இல்ல, ஞாபகம் வெச்சுக்கவும் இல்ல.

மூணு மணி இருக்கும். தொட்டிகிட்ட தட்டுக் கழுவறவங்க கூட்டம் கொறைஞ்சுக்கிட்டு வந்துச்சு. மண்டபத்துக்குப் பின்னால சந்துலேர்ந்து வேலாயிக்கா வந்துச்சு. அண்ணன் போயி இன்னும் நாப்பது நாள் ஆகல. துக்கம் கழியாத பொம்பள விசேஷ எடத்துக்கு வர மாட்டாங்க, வரக் கூடாதுன்னும் சொல்வாங்க. அக்கா யாரையும் பாக்காம மூணாவது தொட்டிகிட்ட உக்காந்து, தட்டுங்கள அலச ஆரம்பிச்சுச்சு. நிர்மலா குரல் அக்கா வீடு வரைக்கும் கேட்டிருக்கும் போல. யாரும் எந்திரிச்சுப் போகல.

பத்து இருவது தட்டு கழுவுனப்புறம் அக்கா நிமுந்து நிர்மலாவப் பாத்துச்சு. "நீ சாப்பிட்டியா?"

அவ தலையாட்டுனா, இல்லன்னு. காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல அவ.

அக்கா ஒரு தட்டத் தொடச்சுக்கிட்டு நேரா என் மேசைக்கு வந்துச்சு. என் கையிலேர்ந்து கரண்டிய வாங்கி, சோறு வெச்சு, சாம்பார் ஊத்தி, வறுவல் வெச்சு, நிர்மலா கையில குடுத்துச்சு. மண்டபத்துல இருந்த அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நிர்மலா நின்னுக்கிட்டே சாப்பிட்டா. கண்ணுலேர்ந்து தண்ணி சோத்துல விழுது, தொடைக்காம சாப்பிடறா. ஒரே ஒரு செவுரு தள்ளி இருக்கறேன், இத்தனை வருஷமா இவள தொல்லை புடிச்சவன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

தலைவர் மிச்சப் பெட்டிங்கள தன் காருக்குத் தூக்கிக்கிட்டுப் போயிக்கிட்டு இருந்தாரு. நடுவுல நின்னாரு. பெட்டிங்கள அங்கயே நாக்காலி மேல வெச்சுட்டு, தொட்டிகிட்டப் போயி ஈரத் தட்டு ஒண்ண எடுத்து சட்டையில தொடச்சுக்கிட்டு வந்து வேலாயிக்கா முன்னால நின்னாரு.

"அண்ணி, எனக்கும் கொஞ்சம் போடுங்க."

"நீங்க இன்னுமா சாப்பிடல, தலைவரே?"

"பெட்டியில சாப்பிட்டேன். வயிறு நெறையல."

அக்கா ரெண்டு கரண்டி சோறு வெச்சுச்சு. அவருக்குப் பின்னால தனபாலன் வந்து நின்னான். தனபாலனுக்குப் பின்னால வாணி. கொஞ்ச நேரத்துல வரிசை வாசல் வரைக்கும் போயிருச்சு. எல்லாரும் ஏற்கெனவே சாப்பிட்டவங்க, எல்லாருக்கும் அந்தக் கையாலதான் வேணுமாம். என் சோறு பத்தல. நான் கரண்டிய அக்காகிட்டயே விட்டுட்டு, உள்ள போயி மறுபடியும் அரிசி களைஞ்சு அடுப்புல வெச்சேன்.